டெனருக்கு எந்த ஹெட், ட்ரம் செட்டுக்கு எந்த ஹெட்?

ட்ரம் செட்டுக்கு வாங்கிய ஹெட்களில், அதாவது ட்ரம்மின் வாயில் இழுத்து மாட்டும் வளையம் வைத்த பிளாஸ்டிக் தோல்களில், ரெமோ கம்பெனியின் 12 இன்ச் பின்ஸ்ட்ரைப் ஒன்று மீதி இருந்தது. மார்ச்சிங் டெனரிலும் (அணிவகுப்பில் உடம்பில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் பல ட்ரம் சேர்ந்த செட்) 12 இன்ச் ட்ரம் இருக்கிறதே, அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று அதையே எடுத்து மாட்டினேன். ட்யூனிங் சாவியைத் திருப்பித் திருப்பிச் சுருதியை ஏற்றிக்கொண்டே போனபோது ஓரத்தில் சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம். ஹெட் எங்கும் கிழியவில்லை, ஆனால் பிலிம் ஒரு பக்கம் வளையத்தை விட்டு நழுவியிருந்தது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று அமுங்கியது. அதற்கப்புறம் அதில் சுருதி நிற்கவே இல்லை.

காரணம் டெனரின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான செட் 10, 12, 13, 14 இன்ச், கூடவே 6 இன்ச்சில் குட்டி ஒன்றோ இரண்டோ. எதற்குமே கீழ் ஹெட் கிடையாது, அடிப்பக்கம் திறந்தே இருக்கும். மேல் ஹெட் ஒன்றே சுருதியையும் கொடுத்து, திறந்த மைதானத்தைத் தாண்டி கேலரி வரை சத்தத்தையும் கொண்டுபோக வேண்டும் என்பதால் ட்ரம் செட்டில் இருக்கும் டாம் என்ற ட்ரம்மை விட எவ்வளவோ இறுக்கமாக ஏற்றுகிறார்கள். இந்த இழுப்புக்காகத்தான் ரெமோவில் கிரிம்ப்லாக் வகை இருக்கிறது, அதில் பிலிமை உலோக வளையத்துக்குள் மடித்துக் கவ்வ வைத்திருப்பார்கள். இன்னொரு கம்பெனியான எவன்ஸிலும் டெனருக்கென்றே கார்ப்ஸ் கிளியர், எம்எக்ஸ் என்று தனி வரிசை உண்டு. எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி, டெனருக்கு டெனர் ஹெட்டே வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

டெனரில் உண்மையான போட்டி பின்ஸ்ட்ரைப் கிரிம்ப்லாக்குக்கும் எம்பரர் கிரிம்ப்லாக்குக்கும்தான். இரண்டுமே இரட்டை அடுக்கு. பின்ஸ்ட்ரைப்பில் ஓரத்தைச் சுற்றி இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு பூச்சு இருப்பதால் தேவையில்லாத ரீங்காரம் சீக்கிரம் அடங்கிவிடும். எம்பரர் இன்னும் திறந்து பாடும், தனியாக வாசித்துக் கேட்டால் எனக்கு அதுதான் அழகு. ஆனால் நாலைந்து பேர் வரிசையாக நின்று ஒரே வேக வரியை ட்ரம் மாற்றி ட்ரம் ஓடவிடும்போது அந்த ரீங்காரமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடுகிறது, அங்கே பின்ஸ்ட்ரைப்தான் ஒவ்வொரு அடியையும் பிரித்துக் காட்டும். குழுவுக்கு பின்ஸ்ட்ரைப், தனியாக வாசிப்பவருக்கு எம்பரர் என்பேன். கெவ்லார் என்ற கெட்டி இழையில் செய்த ஹெட், மார்ச்சிங் ஸ்னேருக்கான (அடியில் கம்பிகள் அதிரும் ட்ரம்) சமாச்சாரம். அந்த வறண்ட, கெட்டியான சத்தத்தில் டெனரின் சுருதி காணாமல் போய்விடும். சாதாரண ட்ரம் செட் ஸ்னேரிலும் அதை மாட்டி முறுக்காதீர்கள், அந்த இறுக்கத்தை ஷெல்லும் (ட்ரம்மின் உடல்) லக்கும் (திருகு பிடிக்கும் உலோகத் துண்டு) தாங்காது.

சரி, ட்ரம் செட்டுக்கு வருவோம். ரெமோவின் அம்பாசடர் ஒற்றை அடுக்கு, 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் கனம். எம்பரர் 7 மில் வீதம் இரண்டு அடுக்கு. எவன்ஸில் ஜி1, ஜி2 என்பவையும் இதே கணக்குதான். அதனால் ரெமோவா எவன்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட ஒற்றையா இரட்டையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், காதுக்குப் பெரிய வித்தியாசம் அங்கேதான் தெரியும். சின்ன அறையில் மெதுவாக, நுணுக்கமாக வாசிப்பவருக்கு ஒற்றை அடுக்கு போதும், லேசாகத் தொட்டாலே பேசும். ஓங்கி அடிக்கிறவர் அதைப் போட்டால் சில வாரத்தில் பள்ளம் விழுந்துவிடும், அவருக்கு இரட்டைதான் தாங்கும். பின்ஸ்ட்ரைப்பை டாமில் போட்டால் 'தொம்' என்று தடித்து விழுந்து உடனே நின்றுவிடும். ராக் வாசிக்கப் பொருத்தம், ஜாஸுக்கு எனக்குப் பிடிக்காது.

சொரசொரப்பான பூச்சு உள்ள கோட்டடா, பூச்சில்லாத கிளியரா? ஸ்னேரில் பிரஷ் வைத்து வாசிப்பதானால் கோட்டட் இல்லாமல் முடியாது, வழவழப்பான கிளியரில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும், உரசும் சத்தமே வராது. டாமுக்கு இரண்டும் சரி, கோட்டட் கொஞ்சம் மென்மை, கிளியர் கொஞ்சம் பளிச்.

பலர் மறந்துவிடுவது கீழ் ஹெட்டை. மேலே எது போட்டாலும் டாமுக்குக் கீழே 10 மில் கிளியர் ஒன்று நன்றாக அதிரும், அங்கேயும் கனமானதை மாட்டினால் ட்ரம் மூச்சுத் திணறுகிற மாதிரி ஆகிவிடும். மேல் ஹெட்டை எப்போது மாற்றுவது என்று தெரியாவிட்டால் கழற்றி ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் மின்னினாலோ, கோட்டிங் வட்டமாக உரிந்து கண்ணாடி போல் ஆகியிருந்தாலோ அதை வைத்துக்கொண்டு ட்யூனிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள்.