பாறையேறும் ஜீப்பை விற்பது: முழு வண்டியாகவா, பிரித்தா?

திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடிப் பக்கத்துப் பொத்தைகளில், அதாவது பாறைக் குன்றுகளில், ஏறுவதற்கென்றே ஆண்டுக்கணக்கில் பணத்தைப் போட்டு மாற்றிய மாருதி ஜிப்சியையோ மஹிந்திரா தாரையோ விற்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வண்டியை அப்படியே, அதன் அருமை தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம். அல்லது மாட்டியவற்றைக் கழற்றித் தனித்தனியே விற்றுவிட்டு, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விற்கலாம். பழைய கார் வியாபாரியிடம் விடுவதை நான் ஒரு வழியாகவே கருதவில்லை. நாம் செலவழித்த ஒவ்வொன்றும் அவர் கணக்கில் விலையைக் குறைப்பதற்கான காரணமாகிவிடும்.

எந்த வழி என்பதை வண்டியில் எதை மாட்டினோம், எதை வெட்டினோம் என்பதே தீர்மானிக்க வேண்டும். வின்ச் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் எந்திரம்), 35 அங்குல டயர்கள், பக்கவாட்டுக் காப்புக் குழாய்கள் முதலியவை போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். வாங்குபவர் கையோடு எடுத்துச் சென்று தம் வண்டியில் பொருத்திக்கொள்வார் என்பதால் அவற்றுக்குத் தனியாகவே நல்ல விலை கிடைக்கும். அச்சுக்குள் இருப்பவற்றின் கதை வேறு. முதல் கியர், நான்கு சக்கர ஓட்டத்துக்கான லோ கியர், கிரவுன் பினியன் (அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கி வரும் எண்ணே வண்டி பாறையில் எவ்வளவு மெதுவாக ஊரும் என்பதைச் சொல்கிறது. பெரிய டயரால் இழந்த இழுவையை மீட்கத்தான் கிரவுன் பினியனை மாற்றுகிறோம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மறுசக்கரமும் நின்றுவிடாதிருக்கத்தான், இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போடுகிறோம். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய கிரவுன் பினியனை வேறொரு அச்சில் பொருத்தினால், ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும் இரைச்சல் வர வாய்ப்புண்டு. ஆகவே அதன் மதிப்பு பெரும்பாலும் முழு வண்டியோடுதான் நிற்கிறது.

பிரித்து விற்பதன் பெரிய பலம் சட்டத்தில் இருக்கிறது. ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 15 ஆண்டு முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்க, மாற்றிய வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தும்போது, புதிதாக வாங்கியவர்தான் சிக்கிக்கொள்வார். பழைய நிலைக்குத் திரும்பிய வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை. கழற்றிய பழைய சாமான்களை மச்சில் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இந்த வழி எளிது. வைக்காதவர் சக்கரம், ஸ்பிரிங் பட்டை, பம்பர் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதற்குள் லாபம் கரைந்துவிடும்.

முழுதாக வாங்க வருபவர் பெரும்பாலும் செங்கோட்டை தாண்டித்தான் வருவார். தோட்டத்து ஜீப்புகளோடு வளர்ந்த கேரளத்தில் இந்த வண்டிகளுக்கு மதிப்பு அதிகம். அப்படி விற்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி போய்விட்டதே என்று டிஎன் 72 என்ற திருநெல்வேலிப் பதிவு ஆர்சியைப் பெயர் மாற்றாமல் விடுவது ஆபத்து: விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு ஆர்சியில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓட்டிக் காட்டச் சொன்னால் பட்டா நிலத்துப் பாறையில் காட்டுங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காட்டுப் பாதைகள் அதற்கான இடமல்ல.

என் ஜிப்சியைக் கடந்த வாரம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, ஸ்டியரிங் பாக்ஸ் அமரும் இடத்தில், சேஸ் ஓரமாக, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. கனமான டயரைப் பாறை இடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பி வந்தது அது. பெயின்ட் பூசியிருந்தால் வாங்குபவர் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அவர் இறக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த இடம் பிளந்துவிடக்கூடும். அதோடு பின்பக்க ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் தாங்கியையும் வெட்டி நகர்த்தியிருக்கிறேன், எனவே பழைய நிலைக்குத் திரும்பும் பேச்சே இல்லை. முழு வண்டியாகவே, தனி நிலத்தில் மட்டும் ஓட்டப்போகும் ஒருவருக்குத்தான் கொடுக்கப்போகிறேன். விலை கேட்டவர்களுக்கு அந்த விரிசலின் படத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.