தூறல் நகரத்தில் ஆறு குளிர்காலம் கண்ட கேமரா

"தூசும் மழைநீரும் புகாது" என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததற்காகவே கூடுதல் விலை கொடுத்து இந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கினேன். சியாட்டிலில் ஆறு குளிர்காலம் ஓடிவிட்டது. கேமராவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கியதில்லை. ஆனாலும் என் மழைக்காலப் படங்களில் பாதி வீண்தான். அது ஏன் என்று புரிவதற்கே இரண்டு குளிர்காலம் பிடித்தது.

சென்ற டிசம்பரில் மதுரையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருந்தான். ஒரு சனிக்கிழமை முழுவதும் அவனுக்கு ஊர் சுற்றிக் காட்டினேன். வீட்டை விட்டு இறங்கியதும் வானத்தை அண்ணாந்து பார்த்தவன், "இதையா அண்ணா மழை என்கிறீர்கள்?" என்றான். நியாயமான கேள்வி. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. மழை பெய்கிறது; சியாட்டிலின் சராசரி 1000 மி.மீ.யைக்கூட எட்டாது. சென்னை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை இந்த ஊர் சுமார் 150 நாட்களுக்குத் தவணையில் கட்டுகிறது.

அந்தத் தூறல் படத்தில் விழாது என்பதுதான் முதல் பாடம். நனைந்து, நடுங்கி எடுத்துவந்த படத்தைக் கணினியில் திறந்தால் வெறும் சாம்பல் நிற வானம் இருக்கும். கருத்த பின்னணியும், துளிக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் இருந்தால்தான் மழைக்கோடு தெரியும். ஆகவே நான் மழையைத் தரையில்தான் தேடுகிறேன்.

காலையில் கெர்ரி பூங்காவுக்குப் போனோம். 184 மீட்டர் உயர ஸ்பேஸ் நீடில் கோபுரமும், வானம் தெளிந்தால் அதற்கு அப்பால் ரெய்னியர் மலையும் தெரியும் இடம். அன்று மலையும் இல்லை, நீடிலுக்குத் தலையும் இல்லை. தம்பிக்கு ஏமாற்றம். எனக்கோ தலையில்லாத கோபுரம்தான் பிடித்திருந்தது. தெளிந்த வானத்தில் எடுத்த அதே படம் அஞ்சலட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கிறதே.

அங்கிருந்து பைக் பிளேஸ் சந்தை. 1907 முதல் இயங்கும் அதன் வாசலில் இருக்கும் சிவப்பு நியான் எழுத்துகள் ஈரத் தரையில் நெளிந்து கிடக்கும். உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுக்க வேண்டும். கேமராவின் வெளிச்ச அளவுமானியை அப்படியே நம்பினால் எழுத்துகள் வெளுத்துப் போகும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தேன். ஜீன்ஸின் முழங்கால் நனைந்தது, படம் தேறியது.

பிறகு செய்யக்கூடாததைச் செய்தேன். வெளியே ஐந்து டிகிரி குளிர். காப்பிக் கடைக்குள் கதகதப்பு. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நுழைந்தேன். நொடியில் லென்ஸ் முழுவதும் பனிப்படலம். அடைப்பு ரப்பர்கள் மழையைத் தடுக்கும்; குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிவதை அவை என்ன செய்யும்? உள்ளே நுழையும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். ஆறு வருடம் பழகியும் காப்பி வாசனை வந்தால் மறந்துவிடுகிறது. (முதல் வருடம் அம்மா சொன்னபடி அரிசிப் பானைக்குள் வைத்தேன். பித்தான் இடுக்கிலிருந்து தவிட்டுத் தூசியை எடுக்க ஒரு மாலை ஆயிற்று. இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்தான்.)

இன்னொரு எதிரி லென்ஸின் முகப்பில் உட்காரும் துளி. இதற்கு லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட் போதும். வெயிலுக்கென்று செய்தது, இங்கே சாரலுக்குக் கூரை. துடைக்க வாங்கிய மைக்ரோஃபைபர் துணி நான்கு முறை துடைத்ததும் ஈரத்தை உறிஞ்சாமல் கண்ணாடியில் பூசத் தொடங்குகிறது. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த மூன்று துண்டுகள் சட்டைப்பையில் இருக்கும். அவற்றை மிஞ்சியது எதுவும் இல்லை. குடையை விட்டுவிட்டேன், ஒரு கையை அது தின்றுவிடுகிறது. தொப்பி வைத்த மழைச்சட்டையே போதும், ஆனால் அதன் நீர்விலக்கும் பூச்சு இரண்டு குளிர்காலத்தில் தேய்ந்துவிடும், மறுபடி பூச வேண்டும்.

டிசம்பரில் மாலை நான்கரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அதைக் கணக்கிட்டு பெயின்பிரிட்ஜ் தீவுக்கு ஃபெர்ரி ஏறினோம். 35 நிமிடப் பயணம்; நடந்து ஏறுபவர்களுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்புவது இலவசம். திரும்பும்போது நகரத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எஃப் 4 ஜூம் லென்ஸைக் கழற்றாமல், கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினேன், இருட்டில் கூடுதல் வெளிச்சம் வாங்கும் எஃப் 1.8 லென்ஸ் பைக்குள்ளேயே இருந்தது, உப்புச் சாரல் அடிக்கும் மேல்தளத்தில் லென்ஸ் மாற்ற எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புப் படிந்த கேமராவின் உடலை ஈரத்துணியால் துடைத்தேன். மின்னேற்றும் துளையின் ரப்பர் மூடி நான்காம் ஆண்டிலிருந்தே தளர்ந்து கிடக்கிறது. மழை என்றால் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்கிறேன்.

அன்று எடுத்தவை 412 படங்கள். தம்பி ஊருக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று: காப்பிக் கடையில் பனி படிந்த லென்ஸில், தவறுதலாக விழுந்த அவனுடைய முகம்.