மணிக்கட்டுக் குருத்தெலும்புக் கிழிசல்: எம்.ஆர்.ஐ.யா, ஆர்த்ரோஸ்கோப்பியா?

கையை ஊன்றி விழுந்தபின் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டில் வலி தங்கி, கதவுப் பிடியைத் திருகும்போதெல்லாம் சுரீரென்று இழுத்தால், அங்கே எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் முக்கோணக் குருத்தெலும்போ அதைச் சார்ந்த தசைநார்களோ கிழிந்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. உடலைக் கீறாமல் படம் தரும். ஆனால் சிறு கிழிசல்கள் அதில் தப்பக்கூடும், வயதானவர்களுக்கோ வலியே தராத தேய்மானக் கிழிசலும் தெரியக்கூடும் என்பதால், படத்தை மட்டும் நம்பிக் கத்தியை எடுப்பது தவறு என்பேன்.

ஆர்த்ரோஸ்கோப்பியில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள கேமராக் குழாயை மூட்டுக்குள் செலுத்தி, கொக்கிமுனைக் கருவியால் குருத்தெலும்பை அழுத்திப் பார்க்கிறார்கள்: நல்ல நிலையில் இருந்தால் விறைப்பாக எதிர்க்கும், விளிம்பு கிழிந்திருந்தால் தொய்ந்து உள்வாங்கும். இரத்த ஓட்டமுள்ள அந்த விளிம்பை அப்போதே தைத்துவிடலாம். இரத்த ஓட்டமற்ற நடுப்பகுதி தைத்தாலும் ஆறாது என்பதால் பிசிறுகளை மட்டும் சீவி எடுப்பார்கள். எனினும் இது மயக்க மருந்து தேவைப்படும் அறுவைச் சிகிச்சை. மூட்டு உறுதியாக இருப்பவர்களில், சில வாரங்கள் மணிக்கட்டுப் பட்டை அணிந்து ஓய்வும் பயிற்சியும் எடுத்தபிறகும் வலி தீராதவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பது முறை.