பாளையங்கோட்டை ‘ஜிடிபிஆர் பேக்கேஜ்’: பதிவேட்டுக்காக வாங்கலாம், பேனரை நம்ப வேண்டாம்

பத்தமடைப் பாய், கருப்பட்டி, சொப்புச் சாமான் என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் கடைகளுக்குப் பாளையங்கோட்டை வெப் டிசைன் கடை ஒன்று போட்டுத் தரும் பேக்கேஜ் இது. குக்கீ (பார்ப்பவரின் பிரவுசரில் சைட் போட்டு வைக்கும் சிறு கோப்பு) வைக்க அனுமதி கேட்கும் பேனர், தனியுரிமைக் கொள்கைப் பக்கம், வாடிக்கையாளர் தகவல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் எக்செல் பதிவேடு, மூன்றும் சேர்த்து. சைட்டில் யூரோ விலை போட்டு, ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் டெலிவரி உண்டு என்றால் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம்மூர்க் கடையையும் பிடிக்கும். பாரிஸிலிருந்து யாரோ சைட்டை எட்டிப் பார்த்தார் என்பதற்காகப் பிடிக்காது.

பதிவேடு நல்ல வேலை. கல்யாணப் பாயில் நெய்வதற்காகப் பொண்ணு, மாப்பிள்ளை பெயர் வாட்ஸ்அப்பில் நெசவாளருக்குப் போகிறதே, அதற்குக்கூடத் தனி வரி: யாரிடம் இருக்கிறது, எப்போது அழிக்க வேண்டும். ஆனால் ஆர்டர் ஃபார்மில் அந்தப் பெயருக்குச் ‘சம்மதம்’ டிக் கேட்பது வீண். பெயரில்லாமல் அந்தப் பாயை எப்படி நெய்வது? ஒப்பந்தமே போதும். சம்மதம் வேண்டியது தள்ளுபடி மெசேஜுக்கு. அந்தப் பெட்டியிலோ முன்கூட்டியே டிக்! அப்படி வாங்கும் சம்மதம் செல்லாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது.

பேனர் சொதப்பல். இன்காக்னிட்டோவில் சைட்டைத் திறந்து, எதையும் அமுக்காமல் எஃப்12 தட்டி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கீஸைப் பாருங்கள். யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் குக்கீ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பேனருக்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடுகிறது. ‘ஏற்கிறேன்’ ஒரே தட்டில், மறுக்க மூன்று தட்டு. மறுப்பதை இப்படிச் சிரமமாக்கியதற்குத்தான் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2021 கடைசியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது.

ஐரோப்பாவை ஒரே நாடாக நினைத்துச் செய்திருக்கிறார்கள், கோளாறு அங்கேதான். ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் எல்லா உறுப்பு நாட்டிலும் நேரடியாகச் செல்லும். குக்கீ விதி 2002-இன் வழிகாட்டு ஆணையில் இருக்கிறது. அதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜெர்மனி அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததே 2021 டிசம்பரில்தான். ஜிடிபிஆருக்குள்ளும் நாடுகளின் விருப்பத்துக்கு விட்டவை உண்டு. ஆன்லைன் சேவைக்குப் பிள்ளை தானே சம்மதம் தரும் வயது ஜெர்மனியில் 16, பிரான்ஸில் 15, ஆஸ்திரியாவில் 14, பெல்ஜியத்தில் 13. சொப்புக் கடைக்கான ‘பிறந்தநாள் கிளப்’ ஃபார்மில் எல்லாருக்கும் 13 என்று அடித்திருக்கிறது. 16 ஆக்கச் சொல்லுங்கள், எங்கேயும் தப்பாகாது.

கொள்கைப் பக்கத்தில் தகவல் கசிந்தால் அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்வோம் என்றிருக்கிறது. ஏதோ பெரிய கம்பெனி சைட்டில் சுட்டது போல. ஒரு நாட்டு அமைப்பிடம் சொன்னாலே போதும் என்ற அந்த ஒற்றைச் சன்னல் வசதி, ஐரோப்பாவில் கிளையே இல்லாத கடைக்குக் கிடையாது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் எந்தெந்த நாட்டில் இருக்கிறாரோ அந்தந்த அமைப்புக்கு 72 மணி நேரத்துக்குள் தனித்தனியாக எழுத வேண்டும். ஆர்டர் தொடர்ந்து போகிறதென்றால் அங்கே ஒரு பிரதிநிதியையும் எழுத்தில் நியமிக்க வேண்டியிருக்கும். பேக்கேஜில் அது இல்லை, தனிச் செலவு.