டெவில் மே க்ரை 5: கதையை முடித்த பிறகும் ஏன் விடமுடியவில்லை?

ஒரு கேமை முடித்ததும் அன்இன்ஸ்டால் செய்துவிடுவது என் வழக்கம். வருடக்கணக்கில் அழிக்காமல் வைத்திருப்பது டெவில் மே க்ரை 5 ஒன்றுதான். காப்காம் நிறுவனம் 2019 மார்ச்சில் வெளியிட்ட, அரக்கர்களை வாளாலும் துப்பாக்கியாலும் வேட்டையாடும் அதிரடி கேம் இது. கதையைப் பல தடவை முடித்தாயிற்று, வசனங்கள் மனப்பாடம், எந்த மூலையில் எந்த அரக்கன் முளைப்பான் என்பதும் தெரியும், ஆனாலும் அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் கை தானாக இதைத்தான் திறக்கிறது. இந்த வரிசையின் ரசிகர்கள் பலருக்கும் இதே கதைதான். பதினைந்து வருடத்துக்கு முந்தைய பாகத்தில் புதிதாக ஒரு காம்போவை, அதாவது தொடர் அடி வரிசையைக் கண்டுபிடித்துவிட்டு ராத்திரி தூங்காமல் வீடியோ போடும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்பவர்களுக்காக, நீண்ட நாள் விளையாடிய அனுபவத்தில் எழுதுகிறேன். கதையின் பெரிய திருப்பங்களை உடைக்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் அந்த ரேங்க் மீட்டர். சண்டை நடக்கும்போது திரையின் வலப்பக்கம் டி, சி, பி, ஏ என்று எழுத்துகள் ஏறும், அப்புறம் எஸ், எஸ்எஸ், கடைசியாக எஸ்எஸ்எஸ். எதிரியைக் கொல்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சுலபமான நிலையில் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே பாதிக் கேமைத் தாண்டிவிடலாம். ஆனால் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் மீட்டர் அசையாது. அடிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும், நடுவில் விடவும் கூடாது, நம் மேல் ஒரு அடி விழுந்தால் மீட்டர் சரிந்துவிடும். எதிரியைச் சீண்டுவதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது, சண்டைக்கு நடுவில் துணிந்து அதை அமுக்கினால் மீட்டர் ஏறும்! ஐந்தாம் பாகத்தில் இசையையும் இதோடு இணைத்துவிட்டார்கள். ரேங்க் கீழே இருக்கும்வரை பாட்டு அடக்கி வாசிக்கும், எஸ் தொட்டதும் கோரஸ் வெடிக்கும். அந்தக் கோரஸ் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசைதான் பாதிப் பேரை நன்றாக விளையாட வைக்கிறது என்பது என் கருத்து. இசை நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் விரல் வேகமெடுப்பதை நானே கவனித்திருக்கிறேன்.

இந்த கேமின் ஆழத்தைப் புரிந்துகொள்ள, நாம் ஆடும் நாயகர்களில் ஒருவனான நீரோவின் வாளை மட்டும் பார்த்தால் போதும். ரெட் குயின் என்று பெயர். கைப்பிடியில் பைக்கின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி ஒன்று இருக்கும், அதை முறுக்கினால் வாள் சூடேறும், சூடேறிய வாளால் வெட்டினால் தீப்பறக்கும். சும்மா நின்றுகொண்டு முறுக்கி ஏற்றலாம், அது எல்லோராலும் முடியும். ஆனால் வெட்டு எதிரியின் மேல் இறங்கும் அதே கணத்தில் முறுக்கினால் ஒரு கட்டம் உடனே நிரம்பும், இன்னும் துல்லியமாகப் பிடித்தால் மூன்று கட்டமும் ஒரே அடியில் நிரம்பிவிடும். இதற்கு மேக்ஸ் ஆக்ட் என்று பெயர். கிடைக்கும் அவகாசம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, அதுவும் ஒவ்வொரு வெட்டுக்கும் தாளம் வேறு. நின்று வெட்டும்போது பழகிய தாளம் அந்தரத்தில் வெட்டும்போது உதவாது, முன்னால் பாய்ந்து வெட்டும் ஸ்ட்ரீக்குக்கு அதுவும் உதவாது. ஆரம்பத்தில் எப்போதாவது தற்செயலாக அமையும், அப்புறம் ஒரு காம்போவில் ஒன்றிரண்டு விழும், கொஞ்ச நாள் போனதும் கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்ப ஆரம்பிப்போம், ஏனென்றால் வாள் பதியும் சத்தத்தோடு எஞ்சின் உறுமல் சேர்ந்து கேட்டால் சரியாக விழுந்தது என்று அர்த்தம். இது ஒரே ஒரு பட்டன்! கதையை முடிக்க இது தேவையே இல்லை. தெரியாமலே முடித்தவர்கள் ஏராளம், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இது கைக்கு வந்த பிறகு முதல் மிஷனைத் திரும்ப விளையாடினால் அது வேறு கேம்.

முதல் பாகத்திலிருந்தே நாயகனான டான்டேயின் விஷயம் இன்னும் பெரிது. 2005-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அவனுக்கு ஸ்டைல்கள் வந்தன. வாளுக்கு ஸ்வார்ட்மாஸ்டர், துப்பாக்கிக்கு கன்ஸ்லிங்கர், விலகிப் பாய ட்ரிக்ஸ்டர், அடியைத் தடுக்க ராயல்கார்ட். ஆனால் மிஷனுக்குப் போகுமுன் அல்லது வழியில் இருக்கும் சிலையிடம் நின்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். 2008-இல் வந்த நான்காம் பாகம் அந்தப் பூட்டை உடைத்தது, சண்டைக்கு நடுவிலேயே நான்கு ஸ்டைலையும் திசை பட்டன்களில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆக்கியது. ரசிகர்களின் பித்துக்கு உண்மையான காரணம் இந்த ஒரு மாற்றம் என்று சொல்வேன். ஐந்தாம் பாகத்திலும் இதோடு ஆயுதங்களை நொடியில் மாற்றலாம். கையுறையில் குத்தி மேலே தூக்கி, வாளுக்கு மாறி அந்தரத்தில் வெட்டி, எதிரியின் தலையை மிதித்து ஒரு குதி குதித்து அந்த வெட்டைப் பாதியில் ரத்து செய்து, மறுபடி முதலிலிருந்து வெட்டி, நடுவில் ஒரு மோட்டார் பைக்கை இரண்டாகப் பிளந்து இரு கையிலும் ஏந்திச் சுழற்றலாம். மிதித்துக் குதிப்பதைத்தான் ஜம்ப் கேன்சல் என்கிறோம். அந்தரத்தில் ஒரு தடவைதான் செய்யலாம் என்று இருக்கும் நகர்வுகள் ஒவ்வொரு மிதியிலும் புதுப்பிக்கப்படுவதால், கை ஒத்துழைக்கும்வரை தரையில் கால் வைக்காமலே சண்டை போடலாம்.

எதிரியை அந்தரத்தில் நிறுத்தி அடிக்கும் இந்த யோசனை வந்த விதமே சுவாரசியமானது. ரெசிடென்ட் ஈவில் வரிசையின் நான்காம் பாகமாக ஹிடேகி காமியா தலைமையில் ஆரம்பித்த வேலைதான் திசைமாறி 2001-இல் முதல் டெவில் மே க்ரையாக வந்தது. அதே காப்காம் நிறுவனத்தின் ஒனிமுஷா கேமில் வெட்ட வெட்ட எதிரி கீழே விழாமல் காற்றிலேயே தங்கிவிடும் ஒரு பிழை இருந்திருக்கிறது. அதைக் கண்ட காமியா அதையே இங்கே ஆட்டத்தின் அடிப்படையாக ஆக்கிவிட்டார். இன்று இத்தனை கேம்கள் பின்பற்றும் ஒரு விஷயம் பிழையிலிருந்து பிறந்தது. 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தைத் தாண்டிப் போய்விடலாம். உயிரில்லாத சண்டை, பேசாத டான்டே. அதைக் கடைசிக் கட்டத்தில் கையில் எடுத்த ஹிடேயாகி இட்ஸுனோ, தன் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற வெறியோடு மூன்றாம் பாகத்தைச் செய்ததுபோல்தான் எனக்குத் தோன்றும்.

மூன்றாம் பாகம் கடினம். அதுவும் அமெரிக்கப் பதிப்பில் ஜப்பானியர்களின் ஹார்ட் நிலையைத்தான் நார்மல் என்று பெயர் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். முதல் பாஸான, அதாவது பெரிய எதிரியான மூன்று தலை நாயிடமே தோற்று விட்டுப் போனவர்கள் அதிகம். ஆனால் அந்த கேமில் டான்டேக்கும் அவன் அண்ணன் வெர்ஜிலுக்கும் நடக்கும் சண்டை மூன்று இடத்தில் வருகிறது பாருங்கள், முதல் சண்டை கோபுர உச்சியில், மழையில். வெர்ஜில் நம்மை மாதிரியே ஓடுகிறான், மறைகிறான், நம் வாள் வீச்சைத் தன் வாளால் மோதித் தடுக்கிறான், சுட்டால் வாளைச் சுழற்றியே தோட்டாவைத் தடுத்துவிடுகிறான். மற்ற கேம்களில் பாஸ் என்றால் மலை மாதிரி ஒரு உருவம், அதன் காலைச் சொறிந்துகொண்டே இருப்போம். இங்கே நமக்குச் சமமான ஒருவன் எதிரில் நிற்கிறான், அவன் நம்மைவிடத் திறமைசாலி. கடைசி மோதலில் ஜெயிப்பதற்குள் நமக்கே தெரியாமல் கை தேறியிருக்கும். இந்த வரிசையின் சிறந்த கதையும் இதுதான். 2006-இல் வந்த சிறப்புப் பதிப்பில் வெர்ஜிலாகவே விளையாடலாம் என்றதும் ரசிகர்கள் கொண்டாடியது இயல்பு.

நான்காம் பாகத்துக்கும் ஐந்துக்கும் நடுவில் பதினொரு வருடம். பாதி கேமுக்கு மேல் நீரோ போன பாதையிலேயே டான்டேயைத் திரும்பி நடக்க வைத்த பாகம் அந்த நான்காம் பாகம், பகடை உருட்டும் அந்தப் புதிரை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். இருந்தாலும் சண்டை அமைப்பு மட்டும் தங்கம். செய்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு அதன் உந்தத்தையும் கேன்சல்களையும் ரசிகர்கள் நோண்டி எடுத்தார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் மெருகேற்ற, மூன்றாமவர் அதைப் பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொருத்தி வீடியோவாக்க, அடுத்த பாகம் வராத வருடங்களை இப்படியே கடத்தினார்கள். இந்த ஆர்வத்தைப் பழைய நினைவில் திளைப்பது என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அன்றாடம் சாதகம் செய்பவர்களின் ஆர்வம் இது.

இடையில் 2013-இல் வேறொரு ஸ்டுடியோ கருப்பு முடி டான்டேயுடன் புதிதாக ஆரம்பித்த கேமைப் பற்றி நியாயமாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கோபத்துக்குக் காரணம் இருந்தது, குறிப்பிட்ட நிற எதிரிக்குக் குறிப்பிட்ட ஆயுதம்தான் என்ற கட்டுப்பாடு இந்த வரிசையின் சுதந்திரத்துக்கே நேரெதிர். ஆனால் காட்சி அமைப்பில் அது காட்டிய கற்பனை, குறிப்பாகச் செய்தி வாசிப்பவரின் பெரிய தலையோடு மோதும் அந்த பாஸ் ஃபைட், மற்ற பாகங்களில் இல்லாதது. 2015-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் நிறக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒரே எதிரியை விடாமல் குறிவைக்கும் லாக் ஆன் பட்டனையும் சேர்த்தார்கள். அந்தப் பதிப்பை விளையாடிவிட்டுத் திட்டுங்கள்.

சரி, ஐந்தாம் பாகத்தின் குறைகள். வி என்ற மூன்றாவது கதாபாத்திரம் தூரத்தில் நிற்பான், பறவையும் சிறுத்தையும் அவனுக்காகச் சண்டை போடும், கடைசி அடியை மட்டும் கைத்தடியால் அவன் கொடுக்க வேண்டும். யோசனை புதுமைதான், ஆனால் அடி பதிகிற உணர்வு விரலுக்கு வருவதே இல்லை. அவன் மிஷன்களை இன்றும் கடமைக்குத்தான் முடிக்கிறேன். இரண்டாவது, கதையில் வரும் ஒரு ராட்சத மரத்துக்குள்ளே நடக்கும் இடங்கள். சிவப்பும் கறுப்புமாக ஒரே மாதிரி வேர்கள், எந்த மிஷனில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். சுவரோரம் மாட்டிக்கொண்டால் கேமரா இன்றும் கழுத்தறுக்கும். மூன்றாவது, 2020-இல் புதிய கன்சோல்களுக்கு வந்த சிறப்புப் பதிப்பில் இருக்கும், ஆட்டத்தை வேகப்படுத்தும் டர்போ மோடும் எதிரிகள் கூட்டம் கூட்டமாக வரும் லெஜண்டரி டார்க் நைட் மோடும் பிசிக்கு வரவில்லை. வெர்ஜில் மட்டும் அந்த டிசம்பரில் டிஎல்சியாக, அதாவது தனியாக வாங்கும் கூடுதல் பகுதியாக வந்தான்.

வந்தவன் வீண்போகவில்லை. அவனுக்கு மனஒருமை என்று ஒரு மீட்டர். ஓடினால் குறையும், வெட்டு காற்றில் வீணாகப் போனால் குறையும், எதிரிகளுக்கு நடுவில் நிதானமாக நடந்தால் ஏறும். அதாவது அவன் குணம் என்னவோ அதுதான் விளையாடும் முறை. நீரோவாக ஆடும்போது முறுக்கிக்கொண்டே இருக்கும் நம் கை, வெர்ஜிலாக ஆடும்போது பொறுமையாகிவிடுகிறது. பட்டனை அமுக்காமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்கும் அதிரடி கேம் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் வரவில்லை.

ராயல்கார்டைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். எதிரியின் அடி நம்மைத் தொடும் கணத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் அந்த அடி ஒன்றுமில்லாமல் போகும், அதன் பலம் சேமிப்பாகும், பிறகு மொத்தத்தையும் ஒரே குத்தில் திருப்பிக் கொடுக்கலாம். மிகக் கடினமான நிலைகளில் ஒன்றான டான்டே மஸ்ட் டையில் பாய்ந்து பாய்ந்து மறையும் ஃப்யூரி என்ற பல்லி மாதிரியான எதிரியிடம் ஓடி ஒளிவதைவிட அசையாமல் நின்று அவன் ஒவ்வொரு பாய்ச்சலையும் தட்டிவிடுவதுதான் பாதுகாப்பு என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. இன்றும் கைவரவில்லை என்றால் அன்றைக்கு மனம் சண்டையில் இல்லை என்று தெரிந்துகொள்வேன்.

நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். கீபோர்டில் விளையாட முடியும், அதில் அசத்துபவர்களும் உண்டு, ஆனால் புதியவர்களுக்கு நல்ல கண்ட்ரோலரைத்தான் பரிந்துரைப்பேன். லாக் ஆன் பட்டனை நிரந்தரமாக அமுக்கியபடி ஆடும் கேம் என்பதால் கண்ட்ரோலரில் முதலில் தேய்வது அந்தத் தோள்பட்டை பட்டன். பட்டன் அமைப்பை உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஜம்ப் கேன்சல் பழகும்போது கட்டைவிரல் வலித்தால் நிறுத்திவிடுங்கள். ஆட்டோ அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே பட்டனைத் தட்டினாலே அழகான காம்போ வரும். முதல் மிஷனோடு அதை அணைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த கேமில் சுவை முழுக்க நாமே செய்வதில்தான். முதல் தடவை நடுத்தரமான டெவில் ஹன்டர் நிலை, அடுத்தது அதைவிடக் கடினமான சன் ஆஃப் ஸ்பார்டா. அதில்தான் எதிரிகள் சரியான கலவையில் வருகிறார்கள். தளம் தளமாக எதிரிகளை வென்று ஏற வேண்டிய, நூற்றொரு தளம் கொண்ட ப்ளடி பேலஸை அதற்கப்புறம் தொடுங்கள்.

எந்தப் பாகத்தில் ஆரம்பிப்பது என்று கேட்டால், கதை முக்கியம் என்பவர்கள் மூன்றின் சிறப்புப் பதிப்பு, நான்கின் சிறப்புப் பதிப்பு, பிறகு ஐந்து. 2020-இல் ஸ்விட்சுக்கு வந்த மூன்றாம் பாகத்தில் ஸ்டைலையும் ஆயுதங்களையும் சண்டைக்கு நடுவில் மாற்றும் வசதி இருப்பதால் அது கிடைத்தால் அதுவே சிறந்தது. பழைய கேமரா தாங்காது என்பவர்கள் நேராக ஐந்துக்குப் போகலாம், முன்கதைச் சுருக்கம் மெனுவிலேயே வீடியோவாக இருக்கிறது. இட்ஸுனோ 2024-இல் காப்காமை விட்டு விலகிவிட்டார், ஆறாம் பாகம் வந்தால் யார் கையில் எப்படி இருக்கும் என்ற கவலை எல்லா ரசிகருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். யார் செய்தாலும் நீரோவின் அந்த முறுக்கலையும் டான்டேயின் நான்கு ஸ்டைலையும் சுலபமாக்குகிறோம் என்று வெட்டிவிடாமல் இருந்தால் போதும்.