ஒருத்தி வண்டியில், ஒருவன் நெஞ்சில்: அசோக் நகர்த் தெருக்களில் 18 மாதங்கள்

சென்னை அசோக் நகரில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவு முழுதாகத் திறந்தால் 70 சென்டிமீட்டர். சின்னவன் பிறக்கப்போகிறான் என்று தெரிந்ததும் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த இரட்டை ஸ்ட்ரோலரின் அகலம் 76. இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் தள்ளுவண்டி. மடக்கி லிஃப்டில் ஏற்றி, கீழே போய் விரிக்கலாம்தான். விரித்து முடிக்கும் வரை கைக்குழந்தையையும் இரண்டு வயதுக்காரியையும் யார் பிடித்துக்கொள்வது? மடக்கினாலும் 15 கிலோ இருந்தது அந்த வண்டி.

இந்த ஒன்றரை வருடத்தில் என்னென்னவோ மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். கூட யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு பிள்ளைகளில் ஒருவரைக்கூடக் கைவிடாமல் இதை விரிக்க, மடக்க, நான்கு படி தூக்கி ஏற்ற முடியுமா? விலை, நிறம், கப் வைக்கும் இடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் நிலவரம் இது. பெரியவளுக்கு 23 மாதம் ஆனபோது, ஒரு நவம்பரில் சின்னவன் பிறந்தான். சிசேரியன். ஆறு வாரத்துக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவள் அப்போதே 11 கிலோ. வீட்டுக்காரர் காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார். அத்தைக்கு மூட்டுவலி, நெடுநேரம் நடக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் பெரியவள் சுவரில் மோதிக்கொள்ளாத குறையாக அலைவாள். அவளுக்குத் தினமும் வெளிக்காற்று வேண்டும். எனக்கும் வேண்டியிருந்தது.

முதலில் இரட்டை ஸ்ட்ரோலருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போட்டு பாண்டி பஜாருக்குக் கொண்டுபோனோம். 2019இல் அங்கே நடைபாதையை அகலமாக்கிச் சமமாகப் போட்டார்களே, அதில் வெண்ணெய்போல ஓடியது. ஒருத்தி பொம்மையோடு, ஒருவன் தூக்கத்தோடு. பெரிய சக்கரம், நல்ல நிழல். அதே வண்டியை எங்கள் அவென்யூவில் தள்ளினால் ஐம்பதடி போக முடியவில்லை. பைக் ஏறாமலிருக்க பிளாட்பாரத்தின் தொடக்கத்தில் கம்பம் நட்டிருக்கிறார்கள், அதற்கு நடுவே நுழையாது. கம்பத்தைத் தாண்டினால் மின்பெட்டி, அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த ஸ்கூட்டர். கடைசியில் வண்டியோடு தண்ணீர் லாரிக்கு எதிரே சாலையில் இறங்க வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் கட்டிவைத்துக்கொண்டு சாலையில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. பிளாட்பாரம் நடப்பவர்களுக்கானது என்பதை ஒரு ஸ்ட்ரோலரைத் தள்ளிப் பார்த்தால் போதும், எவ்வளவு தூரம் மறந்துவிட்டோம் என்று தெரியும். முன்னும் பின்னுமாக உட்காரும் வகையைத் தோழியிடம் வாங்கி ஒரு வாரம் பார்த்தேன். அது லிஃப்டில் நுழைந்தது. ஆனால் நீளம் அதிகம், முன்பாரம் அதிகம். ஒவ்வொரு ஏற்றத்திலும் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினால்தான் முன்சக்கரம் எழும்பும். தையல் போட்ட வயிற்றுக்கு அது ஆகாது.

ஆக, நிலைத்த ஏற்பாடு இதுதான்: பெரியவளின் பழைய ஒற்றை ஸ்ட்ரோலர், சின்னவனுக்கு உடம்போடு கட்டிக்கொள்ளும் துணி.

அந்த ஸ்ட்ரோலர் குடைபோல மடங்கும் வகை, ஏழு கிலோ. இந்த வகையை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக்கால் வேலையில் இருந்தவர். மகள் கனமான தள்ளுவண்டியோடு படும் பாட்டைப் பார்த்துத்தான் இதைச் செய்தாராம். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் மடக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். ஒன்று கவனிக்க வேண்டும். பிறந்த குழந்தையை இந்த மாதிரி வண்டியில் உட்கார வைக்கக் கூடாது. முதுகு முழுவதும் படுக்கையாகச் சாயாத இருக்கையில் ஆறு மாதம் வரை வேண்டாம். கழுத்து முன்னால் சரிந்தால் மூச்சு தடைபடும். அதனால்தான் பெரியவள் வண்டியில், சின்னவன் என் மேல்.

துணிக்கு வருகிறேன். முதலில் வாங்கியது ஐந்து மீட்டர் நீளமான ராப். நெஞ்சிலும் முதுகிலும் குறுக்காகச் சுற்றிக் கட்ட வேண்டும். மார்கழிக் காலையில் கோலம் போட்ட தெருவில் அவனை அப்படிக் கட்டிக்கொண்டு, பெரியவளைத் தள்ளிக்கொண்டு கே.கே. நகர் சிவன் பூங்கா வரை போய்வந்த நாட்கள்தான் இந்த 18 மாதத்தில் எனக்கு மிகப் பிடித்தவை. இரண்டு கையும் காலியாக இருந்தன. அதன் அருமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பெரியவளின் மூக்கைத் துடைக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், ஓடினால் எட்டிப் பிடிக்கலாம்.

அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “பச்சக் குழந்தைய இப்படித் துணியில சுத்திக்கிட்டுப் போறியேம்மா, மூச்சு முட்டாதா?” என்று தினமும் கேட்பார். அந்தப் பயம் நியாயமானது. தப்பாகக் கட்டினால் முட்டத்தான் செய்யும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில், குழந்தையைத் தோளில் மாட்டிச் சுமக்கும் ஸ்லிங் துணி பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவர்கள் கணக்கில் வந்த 14 இறப்புகளில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள். அதைப் படித்த பிறகு, வாசலைத் தாண்டும் முன் நின்று பார்க்காமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை. குனிந்தால் அவன் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். முகம் எப்போதும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். துணி தொளதொளவென்று இல்லாமல் முதுகைத் தாங்க வேண்டும். முட்டி இரண்டும் புட்டத்தை விட உயரத்தில், தவளை உட்காருவதுபோல இருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. “இங்க பாருங்க அத்தை, மூக்கு வெளிய தெரியுது” என்று தினமும் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். பொங்கலுக்குள் அவரே என்னை நிறுத்தி விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ராப்பின் குறை வெயில். மார்ச் பாதியிலேயே தாங்கவில்லை. மூன்று அடுக்குத் துணிக்குள் இரண்டு உடம்புச் சூடு சேர்ந்து, வீடு திரும்பும்போது அவன் முதுகும் என் நெஞ்சும் தொப்பலாக நனைந்திருக்கும். கழுத்தில் வேர்க்குரு வந்ததும் நிறுத்திவிட்டு ரிங் ஸ்லிங் வாங்கினேன். இரண்டு மீட்டர் பருத்தித் துணி, தோளில் இரண்டு வளையம், அவன் முதுகில் ஒரே அடுக்கு. சென்னைக்கு இதுதான் சரி. கோடை முழுவதும் காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்கு மேல் என்று நேரத்தை மாற்றிக்கொண்டோம். நண்பகலில் எந்தத் துணியும் உதவாது. ரிங் ஸ்லிங்கில் பாரம் ஒரே தோளில் விழும். அவன் ஏழரைக் கிலோ ஆனபோது இடது தோள்பட்டை இரவில் வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் இடுப்பில் பெல்ட் போடும் கேரியருக்கு மாறினேன். மூன்றில் எதைக் கட்டியிருந்தாலும் கீழே விழுந்ததை எடுக்கக் குனியக் கூடாது, முட்டியை மடக்கிக் குந்த வேண்டும். ஸ்லிங்கில் கட்டியிருக்கிறோமே என்று அதைக் காரில் போடும் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கைக்குப் பதிலாக நினைத்துவிடவும் கூடாது. அது நடப்பதற்கு மட்டும்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கி, பையை ஸ்ட்ரோலர் கைப்பிடியில் மாட்டினேன். வீட்டு வாசலில் பெரியவளை இறக்கிவிட்டதும் முன்னால் பாரம் இல்லாமல் வண்டி அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தது. கைப்பிடி என் முழங்கையில் இடித்தது. அவள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். பாதி இறங்கிய நிலையில் விழுந்திருந்தால்? அன்றிலிருந்து கனமான சாமான் எல்லாம் இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில்தான். கைப்பிடியில் கைக்குட்டைகூட மாட்டுவதில்லை.

சாமான்களைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உண்மையில் கஷ்டம் பெரியவளிடம்தான் இருந்தது. தம்பி அம்மா நெஞ்சில், தான் மட்டும் வண்டியில் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது மாதம் ஒரு மாலை, பூங்கா வாசலில் வண்டியை விட்டு இறங்கி, “நானும் அம்மா மேல” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க முடியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என் தொடையில் தலை வைத்துப் படுத்திருந்தாள், தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு தினமும் அந்தப் பத்து நிமிடத்தை நடையோடு சேர்த்துக்கொண்டோம். அரை மணியில் முடிகிற நடை முக்கால் மணி ஆனது. எந்த வண்டியும் செய்யாத வேலையை அது செய்தது.

நடக்கும்போது ஸ்ட்ரோலரின் பக்கக் கம்பியில் ஒரு மஞ்சள் துணி கட்டிவிட்டேன். அது அவள் பிடிக்கும் இடம். பிடித்திருந்தால் நடக்கலாம், விட்டால் வண்டியில் ஏற வேண்டும். மெயின் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் பேச்சே இல்லை, உட்கார்ந்து பெல்ட் போட்டே ஆக வேண்டும். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் மறுநாள் இரண்டு மடங்கு அழுகை என்று கற்றுக்கொண்டேன்.

சின்னவன் எட்டாவது மாதம் நன்றாக உட்கார ஆரம்பித்ததும் இடம் மாறியது. அவன் வண்டிக்கு, அவள் பின்னால் நிற்கும் பலகைக்கு. ஸ்ட்ரோலருக்குப் பின்னே மாட்டும் சக்கரப் பலகை இது. அவளுக்கு உயிர், தேர் மேல் நிற்பதுபோல நிற்பாள். மெட்ரோ நிலையத்தில், பாண்டி பஜாரில், பெரிய கடைகளுக்குள் இதற்கு ஈடு இல்லை. அசோக் நகர் நிலையத்தில் லிஃப்டில் ஏறி, அகலமான கேட் வழியாக, பிள்ளைகள் இருவரும் வண்டியை விட்டு இறங்காமலே ரயிலுக்குள் போயிருக்கிறோம். எங்கள் தெருவில் அதன் சின்னச் சக்கரம் ஒவ்வொரு உடைந்த கல்லிலும் மாட்டும். தள்ளுகிறவரின் கணுக்கால் பலகையில் இடிக்கும், கையை நீட்டிச் சாய்ந்து தள்ள வேண்டும். அரை மணிக்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை. அவளும் பத்து நிமிடத்தில் குதித்து இறங்கிவிடுவாள். வாங்கியது வீண் இல்லை. ஆனால் தெருவுக்கு என்று மட்டும் யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன்.

உடைந்த பிளாட்பாரத்தில் ஏறுவதற்கு ஒரு பழக்கம் உதவியது. முன்சக்கரத்தை முட்டிமுட்டித் தள்ளாமல் வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் ஏறும்படி நம் பக்கம் இழுக்க வேண்டும். பாதிப் பலம் போதும், பிள்ளையும் முன்னால் குலுங்காது.

மெரினாவுக்கு மூன்று தடவை போனோம். மணலில் எந்த ஸ்ட்ரோலரும் நகராது. 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் பக்கம் போட்ட மரப்பாதையில் மட்டும் அலைக்கு அருகே வரை போக முடிந்தது. சக்கர நாற்காலி வரும்போது ஓரம் ஒதுங்கி வழிவிட்டுத்தான் போனோம், அது அவர்களுக்கான பாதை. திரும்பியதும் சக்கரத்தைக் கழற்றி மணலைத் துடைக்காமல் விட்டது என் தவறு. முன்சக்கரம் ஒன்று அன்றிலிருந்து கிறீச்சிடுகிறது, தேங்காய் எண்ணெய் ஒரு வாரம் தாங்கும்.

இப்போது பெரியவளுக்கு மூன்றரை வயது. பூங்கா வரை போக, வர முழுதும் நடக்கிறாள். சின்னவனுக்கு வண்டியை விட அதைத் தள்ளுவதுதான் பிடிக்கிறது. இரட்டை ஸ்ட்ரோலரை, கீழ்த்தளத்தில் வீடும் முன்னால் நல்ல சிமென்ட் சாலையும் உள்ள சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். ராப் மடித்து அலமாரியில் இருக்கிறது. ரிங் ஸ்லிங் மட்டும் இன்னும் என் பையில்தான். நேற்றுகூட வழியில் சின்னவன் தூங்கிவிட்டான். அவனை இடுப்பில் கட்டிக்கொண்டேன். காலியான வண்டியில் பெரியவள் ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.