பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஒரு புதையல் நடை

இங்கிலாந்தின் சஃபோக்கில் இருக்கும் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் பழைய சந்தை நகரம். புதனும் சனியும் இன்றைக்கும் அங்கே சந்தை கூடுகிறது. நகரத்தைச் சுற்றிக் குறிப்புகளைத் தேடிக்கொண்டு நடக்கிற புதையல் வேட்டைக் கையேடு ஒன்றை இணையத்தில் 10 பவுணுக்கு வாங்கி, போன சனிக்கிழமை ஐந்து பேராகப் போனோம்: நான், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், முழங்கால் நோவோடு மாமி. 2 மணித்தியாலம் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்களுக்கு மூன்றரை எடுத்தது.

மொத்தம் 20 குறிப்பு. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நிறுத்தி, அங்குள்ள எழுத்தையோ ஆண்டையோ சிற்பத்தையோ பார்க்கச் சொல்லும். விடை கிடைத்ததும் கடைசிப் பக்கப் பட்டியலில் ஒரு பெயரை வெட்டவேண்டும். வெட்டாமல் மிஞ்சும் இடத்தில்தான், நகரத்துக்குத் தன் பெயரைத் தந்த எட்மண்ட் அரசனின் மகுடம் ஒளிந்திருக்கிறது என்பது கதை. போகிறவர்களுக்காக விடைகளை நான் எழுதவில்லை.

நடை ஏஞ்சல் ஹில் சதுக்கத்தில், பழைய கிறிஸ்தவத் துறவிமடத்தின் பெரிய வாசலுக்கு முன்னால் தொடங்குகிறது. தேவாலய வாசல் என்று நினைத்துப் போனால் கோட்டை வாசல்போல நிற்கும். சந்தையும் வரியும் மடத்தின் கையில் இருந்த காலத்தில், 1327இல் ஊர்ச்சனம் கிளர்ந்து பழைய வாசலை உடைத்துவிட்டது. பிறகு கட்டிய இந்த வாசலில் அம்பு எய்வதற்கான சன்னத் துவாரங்கள் விட்டுவைத்தார்கள். முதல் குறிப்பு மகனை அந்தத் துவாரங்களுக்குக் கீழேதான் கொண்டுபோய் நிறுத்தியது. “சாமியார்மார் ஏன் அப்பா அம்பு விட்டவை?” என்று கேட்டான். ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரவைக்கிற குறிப்புக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

அதே சதுக்கத்தில் ‘உப்புத் தூண்’ என்று ஊரார் அழைக்கும் வெள்ளை வழிகாட்டித் தூண் இருக்கிறது. 1935இல் வைத்தது. வீதி வழிகாட்டிப் பலகைகளுக்கான விதிமுறைக்குள் அடங்காததால் தனி அனுமதி வாங்கித்தான் வைத்தார்களாம். நானாகப் போயிருந்தால் விளக்குக் கம்பம் என்று கடந்திருப்பேன். கொஞ்சம் தள்ளி நோர்மன் கோபுரம், 12ஆம் நூற்றாண்டுக் கல். அதன் அடி இன்றைய தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. தொள்ளாயிரம் வருஷத்தில் நிலம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை மகள் தன் உயரத்தை வைத்து அளந்து பார்த்தாள்.

அங்கிருந்து அபேகேட் தெருவால் மேலே ஏறிச் சந்தைக்குப் போகவேண்டும். மாமிக்கு அந்த ஏற்றம் கஷ்டமாகிவிட்டது. முதியவர்களோடு போகிறவர்கள் மேலே சந்தை கூடும் கோர்ன்ஹில்லில் தொடங்கி, குறிப்புகளைப் பின்னிருந்து செய்துகொண்டு கீழே இறங்கலாம். எந்த வரிசையில் செய்தாலும் பட்டியல் வேலை செய்யும். இதைக் கையேடே சொல்லியிருக்கவேண்டும்.

சந்தைநாளில் போனது பாதி நல்லது, பாதி தொல்லை. ஒரு கல்வெட்டுக்கு முன்னால் துணிக்கடை போட்டிருந்தார்கள். கடைக்காரர் எங்கள் தாளைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டு, தொங்கிய மேசைவிரிப்புகளை ஒதுக்கி எங்களைக் குனிந்து வாசிக்கவிட்டார். மொய்சஸ் ஹோல் பக்கத்திலேயே இருக்கிறது. 1180 அளவில் தீக்கல்லால் கட்டிய வீடு, இப்போது அருங்காட்சியகம். 15 அடிக்கு 7 அடி மட்டுமே உள்ள நட்ஷெல் மதுக்கடையையும் வெளியில் நின்று பார்த்தோம்.

இனிக் குறை. பதினான்காவது குறிப்பு ஒரு கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பறவையைக் கேட்டது. அந்தக் கடை இப்போது இல்லை. புதுப் பலகை, புது நிறம், பறவை இல்லை. தெருவின் இரு பக்கமும் இருபது நிமிஷம் தேடி, கடைசியில் பின்பக்க உதவிக் குறிப்பைப் பார்த்துத்தான் தப்பினோம். மகன் அழத் தொடங்கிவிட்டான். கல்லிலும் இரும்பிலும் இருப்பது அடுத்த வருஷமும் இருக்கும், கடைப் பலகை இருக்காது. இவ்வளவு பழைய கல் உள்ள ஊரில் பலகையை நம்பிக் குறிப்பு எழுதியது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

இன்னொன்று இதைவிட என்னை உறுத்தியது. சென்ற் மேரி தேவாலயத்துக்குள் மேரி டியூடரின் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் தங்கை, பிரான்சின் அரசியாக இருந்தவர், 1533இல் இறந்தவர். முதலில் மடத்தில் புதைத்து, மடம் மூடப்பட்டபின் இங்கே கொண்டுவந்தார்கள். கையேடு கேட்டது ஒரே ஒரு கேள்வி: ஆண்டின் இலக்கங்களைக் கூட்டு. கூட்டினோம், அடுத்த பக்கம். யார் இவர் என்று ஒரு வரி கிடையாது. மடத்தின் இடிபாடுகளுக்குள்ளும் இதே கதை. 1214இல் ஜோன் அரசனுக்கு எதிராகப் பிரபுக்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள் என்று பலகை வைத்திருக்கிற இடம் அது. அடுத்த வருஷம் அரசனின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மாக்னா கார்ட்டா சாசனம். கையேட்டுக்கு அதில் ஒரு எழுத்து மட்டும் போதுமாயிருந்தது. நான் முதல்நாள் இரவு வாசித்துக்கொண்டு போனபடியால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது. நீங்களும் வாசித்துக்கொண்டு போங்கள்.

மாமிக்கு ஆங்கிலக் குறிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. 500 அடிக்கும் மேல் நீண்ட அந்த மடத் தேவாலயத்தின் முகப்பு இடிந்து நிற்க, அந்தக் கற்சுவருக்குள்ளேயே பின்னாளில் வீடுகள் கட்டிக் குடியிருக்கிறார்கள். வாங்கில் இருந்தபடியே, “தம்பி, அங்க பாருங்கோ, கோயில் சுவருக்குள்ள யன்னல் வைச்சு உடுப்புக் காயப்போட்டிருக்கினம்” என்றார். கையேட்டில் அதற்குக் குறிப்பே இல்லை.

மகுடத்தைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். எட்மண்ட் அரசன் 869இல் டேனியர் கையில் இறந்தவர். வெட்டுண்ட தலையை ஓநாய் காத்தது என்பது ஐதிகம், நகரச் சின்னத்திலும் அந்த ஓநாய் இருக்கிறது. 1539இல் மடம் மூடப்பட்டபின் அவர் உடல் எங்கே போனது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. மடத்தின் இடிபாடுகள் உள்ள பூங்காவில் டென்னிஸ் ஆடிய இடத்துக்குக் கீழே இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் மகன் தாளை என்னிடம் தந்துவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப்போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். காருக்குக் கூட்டிவர இன்னும் கால் மணித்தியாலம் எடுத்தது.